சம்பந்திகள் இழைத்த வில்

கொன்றைக்குடியில் விஜயதசமி சாயங்காலம் அம்மன் எய்த அம்பு, மகர்நோன்புப் பொட்டலின் குறுக்கே, ஆள் மார்பு உயரத்தில், நாளைக்கு ஒரு சாண் வீதம் போய்க்கொண்டிருந்த அந்த வருஷத்தில்தான் நான் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தேன். ஆகவே எது வழக்கம் எது புதுசு என்று பிடிபடாமல், அதையும் ஊர் வழக்கத்தில் ஒன்றாகவே முதலில் எடுத்துக்கொண்டேன்.

வழக்கம் என்னவென்றால், நவராத்திரி தொடங்கும்போது ஊரார் கையில் காப்புக் கட்டுவார்கள், காப்புக் கட்டியவர் பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும், வேற்றூரில் படுக்கக் கூடாது, கடைசி நாள் அம்மன் மரக்குதிரையில் ஏறிப் பொட்டலுக்கு வர, அம்மனுக்குப் பின்னால் உட்கார்ந்து பூசாரி எய்கிற அம்பு எதிரே நட்ட வாழைத்தண்டில் தைத்ததும் காப்பை அவிழ்த்து அவரவர் வழியைப் பார்ப்பார்கள். அதற்கு முந்தின வருஷம் வரை அது பேருக்குத்தான் வில். மூங்கில் பத்தையில் கயிறு கட்டியிருப்பார்கள், அம்பைப் பூசாரி பாதிக்கு மேல் கையாலேயே எறிவார். முந்தின வருஷம் அந்தப் பத்தை பிளந்து மாயழகுப் பூசாரியின் தோளில் அறைந்துவிட்டது. "கையை உதறாத வில்லாக் குடுங்க. இல்லைன்னா வர்ற வருஷம் நீங்களே குதிரையில ஏறி எய்ங்க" என்று அவர் கூட்டத்தில் சொல்லிவிட்டார்.

அந்த வில்லைச் செய்துதருகிறோம் என்று எழுந்து நின்றவர்கள் இரண்டு சம்பந்திகள். பெண்ணைப் பெற்றவர் சேதுமாணிக்கம், எங்கள் எதிர்வீடு, பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வில்வித்தைப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பழக்கம் உள்ளவர். மாப்பிள்ளையைப் பெற்றவர் வயிரவன், பக்கத்து டவுனில் மரக்கடை வைத்திருப்பவர். இவர்கள் ஏன் எழுந்து நின்றார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்த மங்கை, ஆவணி முடிந்தும் புருஷன் வீடு திரும்பவில்லை. அடி இல்லை, குடி இல்லை, மாமியார் தொல்லை இல்லை, ஆனாலும் திரும்பவில்லை. ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது, கார்த்திகை முடிவதற்குள் வந்து சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள், காப்பு அவிழ்த்த மறுநாள் அவள் கிளம்புவதாக இருந்தாள். இதைப் பற்றிச் சேதுமாணிக்கம் வாயைத் திறந்தால் மாப்பிள்ளை வீட்டாரைக் குறை சொன்னதாகிவிடும், வயிரவன் வாயைத் திறந்தால் பெண் வீட்டாரைத் தலைகுனிய வைத்ததாகிவிடும். அதனால் இருவரும் சேர்ந்து வில் செய்ய உட்கார்ந்தார்கள். நாலு பேர் பார்க்க ஒன்றாக உட்கார்ந்திருந்தாலே பாதி பிரச்சினை தீர்ந்த மாதிரி என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

உருண்டைக் கழி கூடாது, தட்டை வில்தான் வேண்டும் என்றார் சேதுமாணிக்கம். கைப்பிடி தடித்து வளையாமல் நிற்க, அதன் இரண்டு பக்கமும் மரம் மூன்று விரல் அகலத்துக்கு விரிந்து, நுனிக்குப் போகப்போகச் சுண்டுவிரல் பருமனுக்குக் குறுக வேண்டும். அகலமாக இருந்தால் மரம் வலியைப் பங்குபோட்டுக்கொள்ளும். நுனியில் எடை குறைந்தால் நாணை விட்டபின் கைக்கு உதறல் வராது. வயிரவன் சடச்சி மரம் கொண்டுவந்தார். "கோடாலிக் காம்புக்குப் போற மரம் சம்பந்தி. வளையும், சொன்ன சொல் கேக்கும்." அதை அறுக்காமல், ஆப்பு வைத்து நார் போன போக்கிலேயே பிளந்தார்கள். மரத்தின் வருஷ வளையத்தில் ஒன்றைத் தேர்ந்து, அது எங்கேயும் அறுபடாமல் நுனி முதல் நுனி வரை முழுசாக வில்லின் முதுகாக இருக்கும்படி மேலே உள்ளதை மட்டும் உரித்து எடுத்தார்கள். முதுகில் அதற்குப் பிறகு கத்தி படக்கூடாது, இனி எடுப்பதெல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான். முதலில் வாய்ச்சியால், பிறகு அரத்தால், கடைசியில் கண்ணாடிச் சில்லால், முருங்கைப்பூ உதிர்கிற மாதிரி சீவல் சீவலாக.

அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிடிக்கு இரண்டு பக்கமும் விரிகிற வில்லின் கைகளில் எந்தக் கை மேல்கை, எந்தக் கை கீழ்க்கை என்று வந்தபோதுதான் தொடங்கியது.

"மேல்கை உங்களோடது சம்பந்தி."

"நல்லா இருக்கே. உங்க வீட்டு முற்றத்துல உக்காந்துக்கிட்டு நான் மேல்கைய எடுக்குறதா? நீங்க எடுங்க."

"மாப்பிள்ளை வீட்டாளுக நீங்க இருக்கையில நானா?"

கடைசி வரை அது தீராததால் மேல் கீழ் இல்லாமல் இரண்டு கையும் ஒரே அளவு, ஆளுக்கு ஒன்று என்று முடிவாயிற்று. கிணற்று ராட்டினத்தை உத்தரத்தில் மாட்டி, நாணை அதன்வழிக் கயிற்றால் இழுத்து, சுண்ணாம்புச் சுவரில் போட்ட கரிக்கோடுகளுக்கு முன்னால் வில் எப்படி வளைகிறது என்று தள்ளி நின்று பார்க்க வேண்டும். எங்கே விறைத்து நிற்கிறதோ அங்கே சுரண்ட வேண்டும், தளர்ந்த பக்கத்தைத் தொடக் கூடாது. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இது இருவருக்கும் தெரியும். ஆனால் வயிரவனின் கை விறைப்பாக நின்றால் "உங்க பக்கம் விறைப்பு" என்று சேதுமாணிக்கத்தால் எப்படிச் சொல்ல முடியும்? "என் பக்கம்தான் கொஞ்சம் தளந்துபோச்சு சம்பந்தி, என் கைவாகு சரியில்ல" என்பார். அதைக் கேட்டு வயிரவனுக்கு மனசு கேட்காது. சம்பந்தி தன்னைத் தாழ்த்திக்கொள்கிறாரே என்று தன் பக்கத்தைத் தேவைக்கு மேலேயே சுரண்டிவிட்டு, "இப்ப என் பக்கம்தான் ரொம்பத் தளந்துருச்சு, தப்பு என்னோடது" என்பார். உடனே சேதுமாணிக்கம் தன் பக்கத்தைச் சுரண்டுவார். காபி கொண்டுவந்த மங்கை இதை நின்று பார்த்தாள்.

"அப்பா, மாமா பக்கம் விறைப்பா நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருச்சு."

"நீ உள்ள போ. அப்படியெல்லாம் பட்டுனு சொல்லிற முடியாது."

"அதுக்காக மரம் பூராவும் சீவலாப் போகணுமா?"

"உள்ள போம்மா."

இப்படியே அந்த வில் மெலிந்தது, அழகாகவும் ஆனது. ராட்டினத்தில் இழுத்தால் இரண்டு கையும் மூன்றாம் பிறை மாதிரி ஒரே சீராக வளைந்தன, எங்கேயும் ஒரு முடக்கு இல்லை, ஒரு மேடு இல்லை. இழுக்க ஒரு விரல் போதும்.

விஜயதசமியன்று பூசாரி குதிரைமேல் உட்கார்ந்து நாணை இழுத்து விட்டபோது சத்தமே வரவில்லை, அவர் தோள் அசையவில்லை. "வெண்ணெய் கணக்கா இருக்கு" என்றார் கூட்டத்தைப் பார்த்து. சம்பந்திகள் இருவரும் கண் கலங்கி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அம்பு வில்லைவிட்டு ஒரு முழம் போய், அங்கேயே நின்றது. நிற்கவில்லை, போய்க்கொண்டுதான் இருந்தது என்பது, மேளக்காரர்கள் கை ஓய்ந்து அடிப்பதை நிறுத்திய பிறகு, உற்றுப் பார்த்த ஒரு பெண்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது.

அம்பு தைக்காமல் காப்பு அவிழ்க்க முடியாது, அவிழ்க்காமல் அம்மன் கோயில் திரும்ப முடியாது. மறுநாளே குதிரையைச் சுற்றித் தகரக் கொட்டகை எழுந்தது. பூசை அங்கே, பொங்கல் அங்கே. பொட்டலின் நீளத்தைச் சாணால் வகுத்துப் பார்த்த கணக்கு வாத்தியார் தை கடைசியில் தைக்கும் என்றார். சரி, தை கடைசிதானே என்று ஊர் பாயை உதறிப் போட்டது. திருவிழாவுக்கு வந்த திருப்பூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் தத்தம் பெரியப்பா சித்தப்பா வீட்டு நடைகளில் படுத்தார்கள், இரண்டு வருஷமாகப் பேசாத பங்காளிகள் ஒரே குழாயில் பல் விளக்கினார்கள். டவுனில் வேலையுள்ளவர்கள் காலையில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பினார்கள், அந்தச் சாயங்கால பஸ்ஸுக்கே காப்பு பஸ் என்று பெயர் விழுந்தது. அம்பைத் தொட்டுப் பார்த்தவர்கள், தாயைத் தேடுகிற கன்றுக்குட்டி மாதிரி இழுக்கிறது என்றார்கள். நிறுத்திக் காட்டுகிறேன் என்று அதைக் கட்டிப் பிடித்த லாரி டிரைவர் ஒருவர் சாயங்காலம் ஒரு சாண் தள்ளி நின்றிருந்தார். மழைக்கு நனையாமல் இருக்க முறைவைத்துக் குடை பிடித்தார்கள். அம்பு மேல் தும்பி உட்கார்ந்தது, அதை யாரும் விரட்டவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பை அதன் பக்கத்தில் போட்டு, காலைதோறும் கடையை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார். சென்னையிலிருந்து தொலைக்காட்சி வண்டி வந்தது, கேமராவை நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்தது, படத்தில் ஒன்றும் அசையக் காணோம் என்று போய்விட்டது. "அம்பு வேப்பமரத்தைத் தாண்டினதும் தர்றேன்" என்று கைமாற்று வாங்கினார்கள், "அம்பு வேப்பமரத்துக்கு வரையில பொறந்தவன்" என்று பிள்ளைகளுக்கு அடையாளம் சொன்னார்கள். தண்டு வாடினால் அதே குழியில் புதுத் தண்டு நட்டார்கள்.

ஒருவர்கூட அந்த வில்லைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு சம்பந்திகள் சேர்ந்து செய்த வில், அதுவும் இந்த நேரத்தில். "வில்லுன்னா இப்படி இருக்கணும்" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சொன்னார்கள். வேறு அம்பு எய்யலாமா என்றால் அது இவர்களைக் குறை சொன்னதாகும், தண்டைக் கிட்டே கொண்டுவந்து நடலாமா என்றால் அதுவும் குறை சொன்னதாகும். ஆகவே தை கடைசிதானே என்றார்கள்.

சேதுமாணிக்கத்தின் வீட்டில்தான் மூச்சு முட்டியது. வில் செய்தவர் என்ற மரியாதையில் வயிரவன் கையிலும், அப்பாவோடு வந்த கதிரேசன் கையிலும் காப்புக் கட்டியிருந்தார்கள். மங்கையின் புருஷன் அந்தக் கதிரேசன்தான். பகலெல்லாம் மரக்கடையில் இருந்துவிட்டுக் காப்பு பஸ்ஸில் வந்து, மாமனார் வீட்டு முன்கூடத்தில் படுத்து எழுந்து, மங்கை வைக்கிற காபியை "நல்லா இருக்கு" என்று குடித்துவிட்டுப் போனார். எதிர்வீட்டிலிருந்து எனக்கு அவர்கள் பேசுவது கேட்கும், அதாவது பேசாதது கேட்கும்.

"தோசையா, இட்லியா?"

"உன் இஷ்டம்."

"சட்னி தேங்காயா, தக்காளியா?"

"எதுன்னாலும் சரி. உனக்கு எது சுலபமோ."

ஐப்பசி போனது. கார்த்திகை பிறந்து தீபமும் ஏற்றியாகிவிட்டது. ஓசூரிலிருந்து போன் வந்தது, வெள்ளிக்கிழமைக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று. மங்கை அப்பாவிடம் சொன்னாள். அப்பா சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். சம்பந்தி சுவரைப் பார்த்தார். "காப்பு இருக்கேம்மா" என்றார் அப்பா. காப்பு இருப்பதில் அவர்கள் இருவருக்கும் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மங்கை அப்போதுதான் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை காலைப் பூசை முடிந்து விபூதி கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பொட்டலின் அந்தக் கோடிக்குப் போய், குழியிலிருந்து வாழைத்தண்டை ஆட்டிப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"ஏத்தா, என்ன செய்யிற?" என்று பூசாரி இங்கிருந்தே சத்தம் போட்டார்.

"அம்பு இங்க வர மாட்டேங்குது. நான் அங்க கொண்டாறேன்."

"இலக்கை அசைக்கிறது நம்ம ஊர் வழக்கம் இல்லையே ஆத்தா."

"அம்பு சாண் சாணாப் போறது மட்டும் வழக்கமா? வில்லு சொத்தை. இழைச்சு இழைச்சு உயிரை எடுத்து வச்சிருக்காக. உங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் தொறக்க மாட்டீக."

வில் செய்த இருவரும் கொட்டகை ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சேதுமாணிக்கம் எழுந்தார், வயிரவன் அவர் கையைப் பிடித்தார், இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். கிட்டத்தில் ஒரு குழி தோண்டக் கடப்பாரை வைத்திருந்தவர்கள் பலர், கொடுக்க ஒருவரும் வரவில்லை. தண்டு பிடுங்கிக்கொண்டு வந்தது. வாழைத்தண்டு பார்க்கத்தான் தண்டு, உள்ளே பூராவும் தண்ணீர். அவள் ஒரு முனையைத் தோளில் ஏற்றினாள், மறுமுனை மண்ணில் கோடு போட்டது, பத்தடிக்குள் மண்டி போட்டுவிட்டாள்.

காலை பஸ்ஸுக்குக் கிளம்பி நின்ற கதிரேசன் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். நடந்துபோய் மறுமுனையைத் தூக்கினார்.

"நீங்க எதுக்கு வர்றீங்க? இது நான் போறதுக்கு."

"தெரியும். தூக்கு."

தூக்கினார்கள். அம்புக்கு நேரே தண்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றார்கள். முனை தண்டைத் தொட்டதும் கன்றுக்குட்டி முட்டுகிற மாதிரி தள்ளியது, தளர்வாகப் பிடித்தால் தண்டு பின்னால் போகும், அம்பு தைக்காது. ஒருவர் கூடுதலாகத் தள்ளினால் தண்டு திரும்பிக்கொள்ளும். இருவரும் தோளைக் கொடுத்து ஒரே பலமாக எதிர்த் தள்ள வேண்டும், அதுவும் சாண் வேகத்தில் முனை உள்ளே இறங்குகிற வரைக்கும்.

"உங்க பக்கம் பத்தாது, இன்னும் தள்ளுங்க" என்றாள் மங்கை.

"இப்ப?"

"இப்ப ஜாஸ்தி. கொஞ்சம் விடுங்க. ஆங்."

"உன் இடது காலைப் பின்னாடி ஊன்று. சறுக்குற."

வெயில் ஏறியது. ஊர் சுற்றி நின்று பார்த்தது. டீக்கடைக்காரர் இரண்டு டீ கொண்டுவந்து, அவர்களுக்குக் கை ஒழியவில்லை என்று கண்டு, தானே ஒன்றைக் குடித்தார். கதிரேசன் தண்டுக்கு அந்தப் பக்கமிருந்து, கூட்டத்துக்குக் கேட்கிறதே என்ற நினைப்பில்லாமல் கேட்டார்.

"ஏன் போற?"

"நாலு வருஷத்துல இப்பத்தான் கேக்குறீங்க."

"சரி, இப்பக் கேக்குறேன்."

"எது கேட்டாலும் உன் இஷ்டம், உன் இஷ்டம். வீட்டுல ஒரு ஆளு இருக்குற மாதிரியே இல்ல. தோசை வேணாம், இட்லிதான் வேணும்னு என்னைக்காவது தட்டைத் தள்ளியிருந்தீங்கன்னா எனக்குப் பேச்சுத் துணைக்குச் சண்டையாவது கிடைச்சிருக்கும்."

அவர் தோளை மாற்றிக் கொடுத்துத் தள்ளினார். பிறகு, "எனக்கு நீ போறது புடிக்கல" என்றார்.

"தெரியுது."

"இருன்னு சொன்னா இருப்பியா?"

"இல்ல. ஆனா சொன்னது நல்லாருக்கு. தள்ளுங்க, திரும்புது பாருங்க."

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் அம்பின் முனை முழுசாகத் தண்டுக்குள் போய், தண்ணீர் கசிந்து இருவர் கையிலும் வழிந்தது. பூசாரி குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "தச்சிருச்சு" என்றார். மேளம் எழுந்தது. தைத்த தண்டை இருவரும் விட்டு விலகினார்கள். அது விழாமல் அம்பிலேயே மாட்டிக்கொண்டு, போகிற வேகத்தில் போயிற்று. தைத்தது தைத்ததுதான், பிறகு அது எங்கே போனால் என்ன என்று ஊர் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

காப்பு அவிழ்த்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வந்துவிட்டது. திருப்பூர்க்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நடைகளில் பாய்கள் சுருட்டாமல் கிடந்தன, அம்மன் நாலே ஆள் தூக்க அவசரமாகக் கோயில் திரும்பினாள். மதுரை போகிற பஸ் ஊர் முக்கில் நகர முடியாமல் நின்றது. மங்கைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, கதிரேசன்தான் கர்ச்சீப்பைப் போட்டுப் பிடித்து வைத்தார். இருவர் தோளிலும் வாழைக்கறை கருப்பாக ஏறியிருந்தது.

"டெட்டால் போட்டுத் தொவைச்சாலும் போகாது" என்றார் அவர் கீழே நின்று.

"கிடக்கட்டும்."

சம்பந்திகள் இருவரும் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றார்கள். வில்லை என்ன செய்வது என்று வயிரவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அதைக் கோயிலுக்கே கொடுத்துவிடலாமா, இல்லை சம்பந்தி வீட்டிலேயே இருக்கட்டுமா, எப்படியானாலும் தனக்குச் சம்மதம் என்று. சேதுமாணிக்கம் அவர் பேசி முடிப்பதற்குள் விலகி, கூட்டத்தை முழங்கையால் நெக்கிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்தார். அந்த மனிதர் யார் பேச்சையும் பாதியில் விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார், மூச்சு வாங்கியது.

"மங்கை. உனக்கு என்னம்மா வேணும்?"

பஸ் உறுமியது.

"ஒரு தண்ணி பாட்டில் வாங்கிக் குடுங்கப்பா. காலையிலேர்ந்து தாகம்."

அறுபத்தைந்து வயசு டிரில் மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். கண்டக்டர் விசில் கொடுத்தார், டிரைவர் கியரைப் போட்டார், பஸ் அசைந்துவிட்டது. கதிரேசன் பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"யோவ், நகருய்யா."

"நகர மாட்டேன். என் மாமனார் வரட்டும்."

அவர் வந்தார். பாட்டில் ஜன்னலுக்குள் போயிற்று. மங்கை மூடியைத் திருகி, அங்கேயே, எல்லாரும் பார்க்க, ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.